அடிமைக் கதையைச் சொல்லிப் பிள்ளைக்குப் பெருமை வருமா?

கேள்வி: வாசகர் ஒருவர், டெக்சாஸ்
3 பிப்ரவரி 2024

என் அக்கா மகள் ஒரு கறுப்பினத்தவரைத் திருமணம் செய்திருக்கிறாள். பையனுக்குப் பதினோரு வயது. பிப்ரவரி வந்துவிட்டால் பள்ளியில் கறுப்பர் வரலாற்று மாதம் என்று அடிமை, சங்கிலி, சவுக்கு, மறுபடியும் அடிமை. பையன் வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காருகிறான். நம் பிள்ளைகளுக்கு ராஜராஜன், ராஜேந்திரன் என்று சொல்லித்தானே பெருமை ஊட்டுகிறோம்? அவனுக்கும் ஆப்பிரிக்க ராஜாக்களைக் காட்டிவிட்டு மிச்சத்தை மூடிவைத்தால் என்ன? அடிமை வரலாற்றில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

3 பிப்ரவரி 2024, இரவு 11.10

மேரிலாந்திலிருந்து எழுதுகிறேன். கணவர் கறுப்பர், இந்த ஊர்க்காரர். மகளுக்குப் பன்னிரண்டு வயது. நீங்கள் சொல்லும் ராஜா வைத்தியத்தை நான் செய்து பார்த்து, அது வேலை செய்யாமல், மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது மாலி நாட்டு மன்சா மூசாவைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னேன். 1324இல் மக்காவுக்குப் போன கதை, வழியில் கெய்ரோவில் அவர் வாரி இறைத்ததில் தங்கத்தின் விலையே சரிந்த கதை, எல்லாம். நானே கூடப் போய் வந்த மாதிரிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா வீட்டு ஆளுங்க மாலியா?" என்றாள். தெரியாது என்றேன். எந்த நாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது. "அப்போ அது வேற யாரோ வீட்டு ராஜா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

இன்னொன்று. ராஜராஜன் நமக்கு என்ன உறவு? என் அப்பா வழியில் நான்கு தலைமுறை தெரியும், நான்கும் கமலை இறைத்தவர்கள். தஞ்சாவூரில் கோபுரம் எழும்பியபோது எங்கள் ஆள் அங்கே இருந்திருந்தால் கல்தான் சுமந்திருப்பான்.

4 பிப்ரவரி 2024, காலை 9.30

நேற்று எரிச்சலில் எழுதிவிட்டேன். கேள்வி நியாயமானது. பையன் முகம் தொங்குவது எனக்குத் தெரிந்த விஷயம், எங்கள் வீட்டிலும் தொங்கியது. ஆனால் எங்களுக்குப் பள்ளிப் பாடத்துக்கும் முன்பே தலைமுடியில் ஆரம்பித்தது. அதைத் தொடங்கி வைத்தது நான்.

அவள் முடி அப்பா முடி. நெருக்கமான சுருள், இழுத்தால் தோள் வரை வரும், விட்டால் காதோடு போய் ஒட்டிக்கொள்ளும். எனக்குத் தெரிந்த தலை பராமரிப்பு ஒன்றுதான்: தேங்காய் எண்ணெய் வை, உச்சியில் சீப்பை வை, கீழே இழு. ஐந்து வயதுப் பிள்ளையைக் காலுக்கிடையில் உட்காரவைத்துக் காய்ந்த தலையை உச்சியிலிருந்து இழுத்தேன். அது கத்தும். நான் "ஐயோ, என்ன முடி இது" என்பேன். தினமும் பள்ளிக்குக் கிளம்பும்முன் அந்த வாக்கியம். இப்போது எண்ணிப் பார்க்கிறேன்: வருடத்துக்கு 180 பள்ளி நாள், மூன்று வருடம். ஐந்நூறு தடவைக்கு மேல் என் பிள்ளையிடம் "என்ன முடி இது" என்று சொல்லியிருக்கிறேன்.

எட்டு வயதில் தன்னையே ஒரு படம் வரைந்தாள். முகம் பழுப்பு, சரியான நிறம்தான். முடி மட்டும் என்னுடையது, நேராக இடுப்பு வரை. "இது யாரு?" "நான்தான், பெரியவளானதும்."

மாமியாரிடம் போய் அழுதேன். அவர் திட்டவில்லை, சிரித்தார். "தலையோட சண்டையா போடுற?" என்கிற மாதிரி ஒன்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். அந்த ஞாயிறு முழுக்க அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடி சொட்டச் சொட்ட ஈரமாக இருக்க வேண்டும். கை நிறைய கண்டிஷனர். நாலு பாகமாகப் பிரித்து, மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்கி, ஒரு பாகத்தில் மட்டும் வேலை. முதலில் விரல், அப்புறம் பல் அகலமான சீப்பு. சீப்பு நுனியில் தொடங்கி ஒவ்வொரு அங்குலமாக மேலே ஏறும். நான் செய்ததற்கு நேர் தலைகீழ். கடைசியில் ஷியா வெண்ணெய், பின்னல், ராத்திரிக்குச் சாட்டின் தொப்பி. பிள்ளை ஒரு தடவைகூடக் கத்தவில்லை. பாதியில் தூங்கிவிட்டது.

4 பிப்ரவரி 2024, காலை 11.05

தேங்காய் எண்ணெயைக் குறை சொன்னேன் என்று இதற்குள் இரண்டு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். எண்ணெயின் மேல் குற்றம் இல்லை ஐயா. சீப்பின் மேலும் இல்லை. என் வாய்.

9 பிப்ரவரி 2024

"ஏன் பிப்ரவரி, இருப்பதிலேயே சின்ன மாதத்தைக் கொடுத்திருக்கிறார்கள்" என்ற நக்கலுக்கு: யாரும் கொடுக்கவில்லை. கார்ட்டர் உட்சன் என்ற கறுப்பின வரலாற்றாசிரியர் 1926இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்தைத் தேர்ந்தெடுத்தார். லிங்கன் பிறந்தநாள் 12, அடிமை ஒழிப்புப் போராளி ஃப்ரெடரிக் டக்ளஸ் பிறந்தநாள் 14, இரண்டையும் கறுப்பர்கள் முன்பே கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். வாரம் மாதமானது 1976இல். உட்சனின் பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டுப் பிறகு படித்து 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

அந்த 14ஆம் தேதியில் ஒரு விஷயம் இருக்கிறது. டக்ளஸுக்குத் தன் பிறந்தநாள் தெரியாது. இதே மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர், அடிமைப் பிள்ளையின் பிறந்தநாளை யார் குறித்து வைத்தார்கள்? அவராகவே ஒரு நாளை வைத்துக்கொண்டார். இதைச் சொன்னபோது என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். மன்சா மூசாவின் தங்கத்துக்கு அவள் அப்படிப் பார்க்கவில்லை.

உங்கள் அக்கா பேரனுக்கு ஷோம்பர்க் கதையைச் சொல்லிப் பாருங்கள். ஆர்தர் ஷோம்பர்க், 1874இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். கறுப்பர்களுக்கு வரலாறும் கிடையாது, வீரர்களும் கிடையாது என்று பள்ளியில் ஆசிரியர் சொன்னதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அப்புறம் நியூயார்க் வந்து, ஒரு வங்கியில் தபால் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, கறுப்பர் எழுதியது, கறுப்பரைப் பற்றி எழுதியது என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் குவித்தார். 1926இல் நியூயார்க் பொது நூலகத்துக்காக அந்தத் தொகுப்பைப் பத்தாயிரம் டாலருக்கு வாங்கினார்கள். ஹார்லெமில் 135ஆம் தெருவில் அவர் பெயரிலேயே இன்றும் இருக்கிறது. வாத்தியார் மேல் வந்த கோபத்தில் ஒரு மனுஷன் நூலகமே சேர்த்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரத்தை மட்டும்தான் உருட்டுகிறேன்.

9 பிப்ரவரி 2024, பிறகு

ஒன்றை விட்டுவிட்டேன். "முதல் கறுப்பின விமானி, முதல் கறுப்பின நீதிபதி" என்கிற சுவரொட்டி எல்லாம் ஒட்டிப் பார்த்தேன். அவளுக்கு அது பரீட்சைப் பாடம் மாதிரிதான் இருந்தது. ஒட்டியது ஒரே ஒருவர், பெஞ்சமின் பானக்கர். 1731இல் பால்டிமோர் பக்கத்தில் பிறந்த சுதந்திரக் கறுப்பர், புகையிலை விவசாயி. இரவல் வாங்கிய ஒரு பாக்கெட் கடிகாரத்தைப் பிரித்து, பல்சக்கரங்களை வரைந்துகொண்டு, அதையே பெரிதாக மரத்தில் செதுக்கி மணி அடிக்கும் கடிகாரம் செய்தார். அது பல பத்தாண்டுகள் ஓடியது. என் மகள் வீட்டிலிருக்கும் ரிமோட் கண்ட்ரோல் அத்தனையையும் ஸ்க்ரூடிரைவரால் கழற்றி வைப்பவள். ஓயெல்லாவில் பானக்கர் நிலம் இருந்த இடத்தில் இப்போது அருங்காட்சியகமும் பூங்காவும் இருக்கின்றன. அங்கே போனோம். 1806இல் அவருடைய இறுதிச் சடங்கு நடந்த அன்றே வீடு எரிந்து, கடிகாரமும் போய்விட்டது என்று கேட்டதும் காரில் வீடு வரை பேசவில்லை. கடிகாரத்துக்காகத் துக்கம்.

11 பிப்ரவரி 2024

வேறொரு இழையில் "1863 லிங்கன் பிரகடனத்தில் மேரிலாந்து அடிமைகள் விடுதலையானார்கள்" என்று நான் எழுதியிருந்தேனாம், ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார். தப்பு, என் தப்பு. அந்தப் பிரகடனம் உள்நாட்டுப் போரில் கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டும்தான். மேரிலாந்து அடிமை வைத்திருந்த மாநிலம், ஆனால் லிங்கன் பக்கமே நின்றது, அதனால் இங்கே அது செல்லவில்லை. இங்கே அடிமை முறை ஒழிந்தது மாநிலத்தின் புது அரசியல் சட்டத்தால், 1864 நவம்பர் 1 அன்று. இந்தத் தேதியை மனதில் வையுங்கள், அடுத்த குறிப்புக்கு வேண்டும்.

18 பிப்ரவரி 2024, மிக நீளம், நேரம் இருந்தால் படியுங்கள்

என் கணவரின் அத்தைக்கு 87 வயது. அவரிடம் ஒரு குடும்ப பைபிள் உண்டு, தோல் அட்டை பிய்ந்து டேப் ஒட்டியது. முதல் பக்கங்களில் பிறப்பு, இறப்பு, கல்யாணம். அதில் இருந்த மிகப் பழைய ஆள் 1885இல் பிறந்த ஒரு பெண், அத்தையின் பாட்டி. பக்கத்தில் அவளுடைய அம்மாவின் பெயர் மட்டும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கறுப்பர் குடும்பங்களில் வேர் தேடுகிறவர்கள் எல்லோரும் 1870 என்ற சுவரில் முட்டுவார்கள். அந்த வருடக் கணக்கெடுப்பில்தான் விடுதலையானவர்கள் முதன்முதலாகப் பெயரோடு வருகிறார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை. எஜமானன் பெயர், அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் எழுதவில்லை. என் கணவர் ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திரையில் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடியவர்தான், பல வருடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன கோடையில் மகளும் நானும் தேட ஆரம்பித்தோம். 1870இல் அந்த அம்மா கிடைத்தாள். வயது 15, தன் அம்மாவோடும் இரண்டு தம்பிகளோடும். அங்கேயே நிறுத்தியிருப்போம். ஆவணக் காப்பகத்தில் இருந்த ஒருவர்தான் கேட்டார், 1867 பட்டியல் பார்த்தீர்களா என்று.

அது என்னவென்றால்: தலைநகர் வாஷிங்டனில் 1862இல் அடிமைகளை விடுவித்தபோது எஜமானர்களுக்குத் தலைக்கு 300 டாலர் வரை அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்தது. (ஆமாம், எஜமானர்களுக்கு.) மேரிலாந்துக்காரர்களும் அதே மாதிரிக் கிடைக்கும் என்று காத்திருந்தார்கள். 1867 முதல் 1869 வரை, '1864 நவம்பர் 1 அன்று என்னிடம் இருந்தவர்கள்' என்று ஒவ்வொருவரும் பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். பணம் கேட்டு எழுதுவதால் பெயர் போட வேண்டியிருந்தது. எதிர்பார்த்த நஷ்டஈடு வரவில்லை. பட்டியல் மட்டும் சில கவுண்டிகளுக்கு மிஞ்சியிருக்கிறது. எங்களுடையது மிஞ்சியதில் ஒன்று.

இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தோம். ஒரு புகையிலைப் பண்ணைக்காரனின் பக்கத்தில் நான்கு பெயர்கள் அடுத்தடுத்து: ஒரு பெண், ஒன்பது வயதுச் சிறுமி, இரண்டு பையன்கள். 1870 வீட்டில் இருந்த அதே நான்கு பெயர், வயது ஆறு வருடம் குறைவு. பெயர்களை இங்கே போடப்போவதில்லை, அது வீட்டுச் சொத்து. உடல்நிலை என்று ஒரு கட்டம், அதில் 'நல்லது'. அடிமைக் காலம் என்று ஒரு கட்டம், அதில் 'ஆயுள் முழுக்க'.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பிள்ளையை அழைத்து வந்தது தப்போ என்று அவள் பக்கம் திரும்பினால், அவள் விரலை வைத்துத் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அம்மா, இதை எழுதினது எப்போ?" 1867, 68 இருக்கும் என்றேன். "அவ எப்போ ஃப்ரீ ஆனா?" 1864. "அப்போ இவன் 'ஆயுள் முழுக்க'ன்னு எழுதும்போது அவ ஏற்கெனவே போயாச்சு!" காப்பகத்தில் சத்தமாகச் சிரித்தாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குத் தாங்கவில்லை, கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி சிரிக்கிறாள். அவன் உட்கார்ந்து மை தொட்டு 'ஆயுள்' என்று எழுதுகிறான், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் வெளியே எங்கேயோ தன் அம்மாவோடு தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறாள்.

கேள்வி கேட்டவருக்கு: என் வீட்டில் பெருமை வந்த நேரம் அதுதான். நீங்கள் மூடிவைக்கச் சொன்ன பக்கத்தில்தான் வந்தது.

20 பிப்ரவரி 2024

"நம் ஆட்களையும்தான் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள், இரண்டும் ஒன்றுதான்" என்று ஒருவர். ஒன்று இல்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனில் போய் இறங்கிய ட்ரூரோ கப்பலின் பட்டியலில் தொடங்கி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குப் போனவர்களுக்குத் தகப்பன் பெயர், ஊர், சாதி, உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதிவைத்திருக்கிறார்கள். கொடுமை உண்டு, ஏமாற்று உண்டு, ஆனால் ஒப்பந்தத்துக்கு ஒரு கெடு இருந்தது, பிள்ளை பிறந்தால் அது தோட்டக்காரன் சொத்தாகவில்லை. இங்கே பிள்ளையும் சொத்து, பேரனும் சொத்து. உறவு சொல்லலாம், ஒன்று என்று சொல்ல வேண்டாம்.

2 மார்ச் 2024

அம்மா பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். எழுதுகிறேன், அவர் இதைப் படிக்க மாட்டார்.

மதுரைப் பக்கம் எங்கள் ஊர். நான் வீட்டில் கறுப்பு. கஸ்தூரி மஞ்சள், பயத்தமாவு, "வெயில்ல நிக்காத", பெண் பார்க்க வருகிறவர்களிடம் 'மாநிறம்' என்று ஒரு நாகரிகப் பொய், எல்லாம் ஆனது. 2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' சிவப்பழகுக் களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்தார்கள். பெயர்தானே மாறியது. என் மகள் பிறந்தபோது போனில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "உன் கலரா, அவர் கலரா?"

அதே அம்மா வருடம் தவறாமல் அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பன் கதவுக்கு முன்னால் சந்தனம் வாங்கிப் பூசிக்கொண்டு நிற்பவர். போன டிசம்பரில் போயிருந்தபோது என் மகள் கேட்டாள்: "பாட்டி, சாமி பேரே கருப்பன், அவர் முன்னாடி நின்னு பயப்படறீங்க. அப்புறம் என்னை ஏன் வெயில்ல போகாதேங்கறீங்க?" அம்மா "வாயப் பாரு" என்றார். வேறு பதில் வரவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் பிள்ளை தெருவில் சைக்கிள் ஓட்டியபோது உள்ளே கூப்பிடவில்லை. அவ்வளவுதான் நடந்தது, மனம் மாறிவிட்டார் என்றெல்லாம் நான் சொல்லவில்லை.

பட்டியல் விஷயத்தைப் போனில் சொன்னேன். அந்த ஒன்பது வயதுச் சிறுமி என் மகளுக்கு எள்ளுப்பாட்டியின் அம்மா. கொள்ளு, எள்ளு, அதற்கு மேல் என்னம்மா சொல்வது என்று கேட்டேன். "அதுக்கு மேல எல்லாரும் சாமிதான்" என்றார். பிறகு ஒரு நிமிடம் கழித்து, "பேரு என்ன சொன்ன?" என்று கேட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

21 ஏப்ரல் 2024

முதல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். ராஜாக்களை ரொம்பத்தான் மட்டம் தட்டிவிட்டேன். மகள் இப்போது தானாகவே டிம்பக்டு ஓலை... ஓலை இல்லை, காகிதச் சுவடிகள், அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறாள். குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியவை என்பது அவளுக்குப் பிடித்திருக்கிறது. "நம்ம வீட்டு ராஜா இல்லைன்னா என்ன, சும்மா தெரிஞ்சுக்கலாம்ல?" என்கிறாள். ஆக, ராஜா வேண்டாம் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். முதலில் வீட்டு ஆள், அப்புறம் ராஜா. அந்த வரிசையில் கொடுத்திருந்தால் ஒன்பது வயதிலேயே கேட்டிருப்பாளோ என்னவோ.

முடி? இப்போது தானே பின்னிக்கொள்கிறாள், கொஞ்சம் கோணலாக. ஞாயிறு மதியம் குளியலறையை யாரும் நெருங்க முடியாது. பள்ளியில் ஒருவர் பின்னலும் மணியும் 'கவனத்தைச் சிதறடிக்கிறது' என்றாராம். 2020லிருந்து மேரிலாந்தில் முடி அலங்காரத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அதை அச்செடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன். மகள் வேண்டாம் என்றாள். மறுநாள் இன்னும் ஆறு மணி சேர்த்துக் கோத்துக்கொண்டு போனாள், நடந்தாலே சலசலவென்று சத்தம் வருகிற மாதிரி.

30 ஜூன் 2024

கடைசியாக ஒன்று, சின்னதுதான்.

என் கணவர் வீட்டில் வருடா வருடம் ஜூலையில் குடும்பச் சந்திப்பு. நம் ஊர்க் குலதெய்வக் கும்பிடு மாதிரி, கிடாய்க்குப் பதில் நண்டு. நண்டை வேகவைத்து ஓல்ட் பே மசாலாவை அள்ளித் தூவி, மேஜையில் செய்தித்தாள் விரித்துக் கொட்டிவிடுவார்கள். உருளைக்கிழங்கு சாலட் யார் செய்தது என்று விசாரித்துவிட்டுத்தான் தட்டை நீட்டுவார்கள், பதினைந்து வருடமாகியும் எனக்கு அந்தப் பொறுப்பு தரப்படவில்லை. எல்லோருக்கும் ஒரே நிற டீ-சட்டை, முதுகில் குடும்ப மரம். மரத்தின் அடியில் இதுவரை இருந்த பெயர் 1885.

இந்த வருடம் மகள் சித்தப்பாவிடம் பேசி அச்சுக்குப் போகும் கோப்பைத் தானே வாங்கிக்கொண்டாள். 1885க்குக் கீழே இரண்டு வரி சேர்த்தாயிற்று, பட்டியலில் கிடைத்த அந்தச் சிறுமியும் அவள் அம்மாவும். அத்தையிடம் எழுத்துக் கூட்டலை மூன்று தடவை சரிபார்த்தாள். கூடுதல் வரிக்கு அச்சகத்தில் பணம் கேட்கிறார்கள் என்று சித்தப்பா முனகினார், கொடுத்துவிட்டார்.

பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஆயுள் முழுக்க இல்லை' என்று போட வேண்டும் என்று அடம்பிடித்தாள். அத்தை யோசித்துவிட்டு, இடம் இருந்தால் போடு என்றார். இடம் இல்லை. கை மடிப்பில் போட்டிருக்கிறார்களாம், மிகச் சின்ன எழுத்தில். 64 சட்டைகள், வியாழக்கிழமை வருகின்றன.